டயர் விளக்கு சிமிட்டுகிறது, ஏ.பி.எஸ்ஸும் இ.எஸ்.சியும் எரிகிறது: எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாலாவது கியர்
5 வருஷம் ஓடிய பெட்ரோல் எஸ்.யூ.வி. டயர் அளவு 205/60 ஆர்16. முன் இடது சக்கரத்தில் பேரிங் பிரஸ் பண்ணி மாற்றியிருக்கு. அதே கையோடு அந்தச் சக்கரத்துக்கு மட்டும் புது டயரும் போட்டாச்சு. இப்போ மீட்டரில் தெரிவது இது:

சாவியைப் போட்டதும் மஞ்சள் டயர் விளக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் சிமிட்டுது, அப்புறம் நிலையா எரியுது. ஏ.பி.எஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காப்பது), இ.எஸ்.சி (வண்டி வழுக்கிச் சுத்தாமல் காப்பது) விளக்குகள் ஸ்டார்ட் பண்ணும்போது அணைஞ்சிடுது, ஆனா வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் இரண்டும் சேர்ந்து வருது. சிவப்பு பிரேக் விளக்கு வரல. பிரேக் வழக்கம்போல பிடிக்குது.

கடையில் சொல்வது: "ஏ.பி.எஸ் யூனிட் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்." மாற்றும் முன்னே இங்கே கேட்டுடலாம்னு.

ஸ்கேனர் சாமி
யூனிட்டைத் தொடாதீங்க. முதலில் ஒரே கேள்வி: மீட்டரில் நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா பி.எஸ்.ஐ (காற்றழுத்த) எண் காட்டுமா, இல்லை "டயர் பிரஷர் குறைவு" என்று விளக்கு மட்டும்தானா?

எண் காட்டினால் நேரடி முறை. ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் பேட்டரியோடு ஒரு சென்சார், ரேடியோவில் தகவல் அனுப்பும். நம்ம ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். எண் இல்லாமல் விளக்கும் ஒரு "செட்" பட்டனும் மட்டும் இருந்தால் மறைமுக முறை. அதுக்கு டயருக்குள் ஒண்ணும் கிடையாது. ஏ.பி.எஸ்ஸின் சக்கர வேக சென்சாரையே கடன் வாங்கி, எந்தச் சக்கரம் கூட சுத்துதுன்னு பார்த்துக் கணக்குப் போடும். காற்று இறங்கின டயரின் ஆரம் துளி குறையும், அதனால் அது மத்ததைவிட வேகமா சுத்தும்.

இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் உங்களுக்கு ஒரு கோளாறா இரண்டு கோளாறான்னு தெரியும். மறைமுக முறையில் ஒரே ஒரு வேக சென்சார் செத்தாலே மூணு விளக்கும் வரும். நேரடி முறைன்னா டயர் விளக்குக்கும் ஏ.பி.எஸ்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது.

நாலாவது கியர்
எண் காட்டும். மற்ற மூணிலும் 33, 33, 34. முன் இடதில் வெறும் கோடு.

பஞ்சர்புலி
அப்போ இரண்டு தனித்தனிக் கோளாறு, இரண்டும் ஒரே சக்கரத்தில். டயர் பக்கத்தை நான் சொல்றேன்.

விளக்கு நிலையா எரிஞ்சா காற்று குறைவு. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் சிமிட்டிட்டு நிலைச்சா அமைப்பிலேயே பழுது, அதாவது ஏதோ ஒரு சென்சார் பேசவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கிட்டு, சிமிட்டுற வண்டிக்குக் காற்றை ஏத்திக்கிட்டே இருப்பாங்க. 40 பி.எஸ்.ஐ வைச்சாலும் அந்தச் சிமிட்டல் போகாது.

டயரைக் கழற்றும்போது என்ன நடக்குது? மிஷினில் டயரை ரிம்மிலிருந்து அமுக்கிப் பிரிக்கிற அந்தத் தகடு வால்வுக்கு நேரே வந்து விழுந்தால், உள்ளே வால்வோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் சென்சார் அதோட சரி. 30 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் பெட்டி, தாங்காது. வால்வு இருக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் தகட்டை வைச்சு அமுக்கணும். வால்வுல சென்சார் இருக்குன்னு கடைக்காரருக்கு முன்னாலேயே சொல்லிடணும். வெளியிலிருந்து பார்த்தால் உலோக வால்வு, அடியில் நட்டு இருந்தால் சென்சார் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா ரப்பர் வால்விலும் சென்சார் வரும், அதனால் பார்வையை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொரு சாத்தியம்: சென்சாரைக் கழற்றி வைச்சுட்டு சாதாரண ரப்பர் வால்வை மாட்டிவிட்டிருக்கலாம். டயர் கடையில் "125 கிலோஹெர்ட்ஸ் தூண்டும் கருவி" இருக்கான்னு கேளுங்க. வால்வுக்குப் பக்கத்தில் பிடிச்சு அழுத்தினால், உயிரோடு இருக்கும் சென்சார் தன் அடையாள எண், அழுத்தம், வெப்பம், சில மாடலில் பேட்டரி நிலைவரைக்கும் சொல்லும். பதிலே வரலைன்னா டயரைத் திறந்து பார்க்கிறதைத் தவிர வழியில்லை.

மலைப்பாதை
பேட்டரி தீர்ந்திருக்கலாமே? 5 வருஷம் ஆச்சே.

பஞ்சர்புலி
ஆகலாம். 5 முதல் 10 வருஷம் என்பது வழக்கமான ஆயுள். ஆனா டயர் மாற்றின அன்னைக்கே, அந்தச் சக்கரத்தில் மட்டும் பேட்டரி தீர்ந்ததுன்னா அது ரொம்பப் பெரிய தற்செயல்.

பேட்டரியை மட்டும் மாத்தலாமான்னு அடுத்து கேட்பீங்க. பெரும்பாலான சென்சாரில் பேட்டரி பசைக்கூழுக்குள் புதைஞ்சிருக்கும். வெட்டி எடுத்து சால்டர் பண்ணுறவங்க இருக்காங்க. நிமிஷத்துக்கு ஆயிரம் முறைகிட்ட சுத்துற இடத்தில் அந்த ஒட்டு எத்தனை நாள் நிக்கும்? நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புது சென்சார் போட்டால் அதன் அடையாள எண் வண்டிக்குத் தெரியணும். சில வண்டி 10, 20 நிமிஷம் ஓட்டினாலே தானா கத்துக்கும். சிலதில் ஓ.பி.டி (வண்டியின் கணினியோடு ஸ்கேனரை இணைக்கும் சாக்கெட்) வழியா எழுதணும். சென்சார் பெரும்பாலும் தூங்கிக்கிட்டே இருக்கும். சக்கரம் சுத்த ஆரம்பிச்சு மணிக்கு 25, 30 கி.மீ தாண்டினால்தான் எழுந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவைபோல பேசும். கடை வாசலில் நிறுத்திக்கிட்டே "எண் வரல"ன்னு சண்டை போட வேண்டாம்.

ஸ்கேனர் சாமி
இப்போ ஏ.பி.எஸ் பக்கம். உங்க பதிவிலேயே விடை இருக்கு: "வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் வருது."

சாவி போட்டதும் யூனிட் தன்னைத்தானே சோதிச்சுக்கும். வயர் அறுந்திருந்தாலோ கனெக்டர் கழண்டிருந்தாலோ விளக்கு அப்போதே அணையாமல் நிக்கும். உங்க வண்டியில் அணையுது. அதாவது யூனிட்டும் சரி, வயரும் சரி, சென்சாருக்கு மின்சாரமும் போகுது. நகர்ந்த பிறகு மூணு சக்கரம் 15 கி.மீ என்று சொல்லும்போது ஒண்ணு மட்டும் பூஜ்யம் என்றால்தான் யூனிட் "இது பொய்"ன்னு முடிவு பண்ணி விளக்கைப் போடுது. யூனிட் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்யுது. அதைப்போய் மாத்தச் சொல்றாங்க.

என் கணிப்பு: பேரிங்கைத் தலைகீழாப் போட்டிருக்காங்க.

பழைய வண்டியில் ஆக்ஸிலில் பல்லுள்ள இரும்பு வளையம் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். இப்போதைய பிரஸ் பேரிங்கில் அந்தப் பல் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே வடக்கு தெற்கு என்று மாறி மாறிக் காந்தமூட்டிய ஒரு வளையம் இருக்கும். பார்க்க வெறும் கருப்பு ரப்பர் சீல் மாதிரிதான். அந்தப் பக்கம் வேக சென்சாரைப் பார்த்து உட்காரணும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிவதால் மாத்திப் போட்டுடுவாங்க. பேரிங்காக அது கச்சிதமாச் சுத்தும், சத்தமும் வராது. சென்சாருக்கு மட்டும் எதிரில் ஒண்ணும் இருக்காது.

போடும் முன்னே கண்டுபிடிக்க வழி: காந்தக் கோடு காட்டும் பச்சை அட்டை கிடைக்கும், சீல் மேலே வைச்சால் கோடு கோடாத் தெரியும். அட்டை இல்லைன்னா ஒரு பேப்பர் கிளிப்பைக் கிட்டே கொண்டுபோங்க, காந்தப் பக்கம் லேசா இழுக்கும். ஸ்பீக்கர் காந்தம் மாதிரி பலமானதைப் பக்கத்தில் கொண்டுபோகாதீங்க, வளையத்தின் காந்தமே கெட்டுடும். காந்தம் பொருத்தின ஸ்டாண்டில் பேரிங்கை வைக்கிற வழக்கம் சில பட்டறையில் இருக்கு. அதுவும் இதே கதைதான்.

உறுதிப்படுத்த ஸ்கேனர் வேணும். 500 ரூபாய் புளூடூத் ஓ.பி.டி கருவி பெரும்பாலும் இன்ஜினை மட்டும்தான் படிக்கும், ஏ.பி.எஸ்ஸுக்குள் போகாது. போகக்கூடிய ஸ்கேனரில் "சக்கர வேகம்" நேரடித் தரவைத் திறந்து, பக்கத்தில் ஒருத்தரை உட்கார வைச்சு 20 கி.மீயில் ஓட்டுங்க. முன் இடது மட்டும் 0 காட்டினால் தீர்ந்தது. பொதுவான பிழைக் குறியீடு சி0035 என்றால் முன் இடது வேக சென்சார். கம்பெனிக்குக் கம்பெனி வேறு எண்ணும் வரும், அதனால் குறியீட்டைவிட நேரடித் தரவு முக்கியம்.

ஹைவே ஹரி
ஓம் மீட்டர் வைச்சு சென்சாரைப் பார்த்துடலாமே. 1 கிலோ ஓம் பக்கம் காட்டினா நல்லது.

ஸ்கேனர் சாமி
அது பழைய சுருள் வகை சென்சாருக்கு. இப்போ வருவது காந்தத்தை உணரும் ஹால் வகை. இரண்டு வயர்தான், ஆனா உள்ளே மின்னணு. 12 வோல்ட் வாங்கிக்கிட்டு 7 மில்லி ஆம்பியருக்கும் 14க்கும் நடுவே மாறி மாறி இழுக்கும், அந்த ஏற்ற இறக்கம்தான் சிக்னல். ஓம் மீட்டரில் அதை அளந்தால் அர்த்தமில்லாத எண் வரும், நல்ல சென்சாரைத் தூக்கிப் போடுவீங்க.

நாலாவது கியர்
நேரடித் தரவு பார்த்தாச்சு. மூணு சக்கரம் 18, 18, 19. முன் இடது 0. வயர், கனெக்டர் நல்லா இருக்கு. பேரிங்கைக் கழற்றித் திருப்பிப் போட்டால் போதுமா?

ஸ்கேனர் சாமி
போதாது, புதுசு வாங்கணும். பிரஸ்ஸில் வெளியே தள்ளும்போது விசை குண்டுகள் வழியாத்தான் போகும், அதில் பேரிங்கின் தடத்தில் பள்ளம் விழும். திருப்பிப் போட்டால் சில ஆயிரம் கி.மீக்குள் முனக ஆரம்பிக்கும். புதுசைப் போடும்போது நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் இரும்புப் பாகம்) தள்ள வெளி வளையத்தை மட்டும் அழுத்தணும், ஹப்பை (சக்கரம் பூட்டும் பாகம்) ஏத்தும்போது உள் வளையத்துக்குத் தாங்கல் கொடுக்கணும். ஆக்ஸில் நட்டும் புதுசு, டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு.

அப்புறம் இன்னொண்ணு. முன் அச்சில் ஒரே ஒரு புது டயரா? எதிர்ப்பக்க டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகளின் உயரம்) எவ்வளவு மிச்சம்?

நாலாவது கியர்
3 மி.மீ சுமார். புதுசு 8.

பஞ்சர்புலி
5 மி.மீ வித்தியாசம்னா விட்டத்தில் 10 மி.மீ. 205/60 ஆர்16 டயரின் மொத்த விட்டம் 652 மி.மீ. நூற்றுக்கு ஒன்றரை. நேரா ஓடும்போதே ஒரு சக்கரம் எப்போதும் கூட சுத்தும், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுத்த விடும் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் வேலை செய்யும். ஏ.பி.எஸ் இதைப் பொறுத்துக்கும். ஆனா மழையில் பிரேக் அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே பிடி இருக்காது. ஜோடியாப் போடுங்க. அந்தப் புது ஜோடி பின்னாடி போகட்டும், தேஞ்சது முன்னாடி வரட்டும்.

ஹைவே ஹரி
தலைகீழா சொல்றீங்களே! இழுக்கிறது முன் சக்கரம், புதுசு முன்னாடிதானே?

பஞ்சர்புலி
எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் தோணும். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரா போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்பும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுத்தும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிக்க முடியாது. 1.6 மி.மீ வரை தேயலாம்னு பட்டனுக்கு நடுவே குறி இருக்கு. மழைக்கு அது ரொம்பக் கம்மி, 3க்கே யோசிக்க ஆரம்பிக்கணும்.

மலைப்பாதை
இழை தடம் மாறுதுன்னா மன்னிக்கவும். மேட்டுப்பாளையத்தில் 33 வைச்சுட்டு ஊட்டி போனா காலையில் மீட்டர் 29 காட்டுது, பெட்ரோல் பங்க் கேஜ் 32, 33 காட்டுது. எது பொய்?

ஸ்கேனர் சாமி
இரண்டும் பொய் சொல்லல. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கீழே 32 டிகிரி, கேஜில் 33. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே 14.2 பி.எஸ்.ஐ. ஆக டயருக்குள் முழு அழுத்தம் 47.2. ஊட்டி விடிகாலை 10 டிகிரி. 305 கெல்வின் 283 ஆகுது, முழு அழுத்தம் 43.8க்கு இறங்கும். ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்று வெறும் 11.2. கேஜ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும்: 43.8ல் 11.2 போனால் 32.6. குளிர் குறைச்சதை உயரம் திருப்பிக் கொடுத்துடுச்சு.

ரிம்முக்குள் இருக்கும் சென்சாருக்கு வெளிக்காற்று தெரியாது, முழு அழுத்தத்தைத்தான் அளக்கும். சில வண்டி இன்ஜினின் காற்றழுத்த சென்சாரைக் கேட்டுக் கழிக்கும். கேட்காத வண்டி கடல்மட்டத்து 14.7ஐயே கழிச்சுடும்: 29.1. நீங்க பார்த்த 29 அதுதான். அங்கே மீட்டரைப் பார்த்து 4 பி.எஸ்.ஐ ஏத்திட்டு இறங்கினால், கீழே மதியம் 37க்கு மேல் நிக்கும், ஓடின சூடு தனி.

ஹைவே ஹரி
நைட்ரஜன் போட்டா இந்த ஏற்ற இறக்கமே இல்லையே?

பஞ்சர்புலி
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 10 டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ என்பது இரண்டுக்கும் பொது. நைட்ரஜனில் ஈரப்பதம் இருக்காது, அது ஒரு சின்ன நன்மை. காசு கொடுத்துப் போடுற அளவுக்கு இல்லை.

சூட்டில் காற்றைக் குறைக்காதீங்க, அது மட்டும் போதும். நாலு வழிச்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் 4, 5 ஏறுவது இயல்பு. 3 மணி நேரம் நிழலில் நின்ற பிறகு அளப்பதுதான் கணக்கு. வைக்க வேண்டியது கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள எண், டயர் பக்கவாட்டில் அச்சிட்ட எண் இல்லை. பக்கவாட்டில் இருப்பது டயர் தாங்கும் உச்சவரம்பு.

செட் பட்டன்
மறைமுக முறை வைச்சிருக்கவங்களுக்கும் ரெண்டு வரி. குஷாக், ஸ்லாவியா, விர்டஸ் எல்லாம் இந்த வகை. இதில் "செட்" அழுத்துறது காற்றை அளக்கிறது இல்லை. "இப்போ இருக்கிறதுதான் சரி, இதை மனசில் வைச்சுக்கோ"ன்னு சொல்றது. நாலிலும் 25 இருக்கும்போது அழுத்தினால் 25தான் சரின்னு எடுத்துக்கும், விளக்கும் அணைஞ்சிடும். விளக்கு வந்தால் இறங்கிக் கேஜில் அளந்து, அட்டை எண்ணுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் செட். டயர் மாற்றினாலும், இடம் மாற்றிப் போட்டாலும், காற்றைச் சரிசெய்தாலும் இதே வரிசை. அழுத்தின உடனே கண்காணிப்பு முழுசா ஆரம்பிக்காது, கொஞ்ச நேரம் வேறு வேறு வேகத்தில் ஓடிக் கத்துக்கணும்.

நாலு டயரும் ஒண்ணுபோல இறங்கினால் பழைய மறைமுக முறைக்குத் தெரியவே தெரியாது, ஒப்பிட ஆள் இல்லையே. புதுசில் டயரின் அதிர்வையும் சேர்த்துப் பார்க்கும். ஐ.நா. ஒழுங்குமுறை 141ன்படி (முன்பு இது 64ல் இருந்தது) ஒரு டயர் 20 சதவீதம் இறங்கினால் 10 நிமிஷத்துக்குள் சொல்லணும், நாலும் மெல்ல இறங்கினால் 60 நிமிஷத்துக்குள்.

பஞ்சர்புலி
அமெரிக்க விதியில் 25 சதவீதம். 33 வைக்கிற வண்டியில் 24.75 வரை விளக்கு வாயைத் திறக்காமல் இருக்கலாம். 27ல் ஓடுற டயர் ஓரம் தேயும், சூடேறும், விளக்கு வராது. அதனால மாசம் ஒரு தடவை கேஜ் பிடிக்கிற வேலை இன்னும் இருக்கு.

ஸ்டெப்னி போட்டதும் சிமிட்டுதுன்னு மாசம் நாலு பேர் இங்கே கேட்கிறாங்க: ஸ்டெப்னியில் பெரும்பாலும் சென்சார் இருக்காது, சிமிட்டத்தான் செய்யும். (வேல்ஸில் லனெலி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் ஆரம்பிச்ச கம்பெனிப் பெயர். அங்கேயே மறந்துட்டாங்க, நாம விடல.)

மலைப்பாதை
டி.பி.எம்.எஸ் (டயர் அழுத்தக் கண்காணிப்பு) இல்லாத வண்டிக்கு வால்வு மூடி மாதிரி திருகுற சென்சார் போடலாமா?

பஞ்சர்புலி
உலோக வால்வா இருந்தால் போடலாம். ரப்பர் வால்வில் வேண்டாம். 100 கி.மீ வேகத்தில் வால்வு இருக்கும் இடத்தில் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப்போல 160 மடங்கு. 10 கிராம் மூடி 1.6 கிலோவா வெளியே இழுக்கும். ரப்பர் அடியில் வளைஞ்சு வளைஞ்சு வெடிக்கும், காற்றைக் காக்க வந்த மூடியே காற்றை இறக்கிடும். போட்ட பிறகு சோப்புத் தண்ணி விட்டுக் குமிழ் வருதான்னு பாருங்க, பேலன்சிங்கும் பண்ணிடுங்க.

நாலாவது கியர்
புது பேரிங் போட்டாச்சு, ஏ.பி.எஸ் அணைஞ்சிடுச்சு. முன் இடது வேகம் மற்றதோடு ஒட்டிப்போகுது. டயரைத் திறந்ததில் சென்சார் பெட்டி விரிசல். இ.எஸ்.சி மட்டும் எப்போவாவது வளைவில் சும்மா வந்து மினுக்குது, வழுக்கல் ஒண்ணும் இல்லை. வீல் அலைன்மென்ட் பண்ணின பிறகுதான்.

ஸ்கேனர் சாமி
நேரா போகும்போது ஸ்டீயரிங் நேரா நிக்குதா, கொஞ்சம் சாய்ஞ்சா?

இ.எஸ்.சி இரண்டு கதையை ஒப்பிட்டுப் பார்க்கும். ஸ்டீயரிங் கோண சென்சார் "ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார்" என்று சொல்லும். வண்டி நடுவில் இருக்கும் சுழற்சி சென்சாரும் பக்கவாட்டு முடுக்க சென்சாரும் "வண்டி எங்கே போகுது" என்று சொல்லும். பின்பக்கம் சுழலப் பார்த்தால் வளைவின் வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடிக்கும். முன்பக்கம் திரும்ப மறுத்தால் உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். கூடவே இன்ஜின் விசையையும் குறைக்கும். ஸ்டீயரிங் பூஜ்யம் 5 டிகிரி தள்ளி இருந்தால் முதல் கதையே தப்பு, தேவையில்லாத இடத்தில் தலையிடும்.

டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) திருகி அலைன்மென்ட் சரிசெய்தவர் ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டாமல் விட்டிருப்பார். முதலில் அதை நேராக்கணும், அப்புறம் சமதளத்தில் சக்கரம் நேரா நிற்க, ஸ்கேனரில் "ஸ்டீயரிங் கோண சென்சார் அளவுதிருத்தம்". சில வண்டியில் ஸ்கேனர் இல்லாமலே இடக்கோடி வலக்கோடி திருப்பி, கொஞ்ச தூரம் நேரா ஓட்டினால் போதும். மேனுவலைப் பாருங்க. சாய்ந்த ஸ்டீயரிங்கோடு பூஜ்யம் எழுதினால் சாய்வையே நேர்னு எழுதினதா ஆகும்.

அதுவரை பட்டனை அழுத்தி இ.எஸ்.சியை அணைச்சு ஓட்ட வேண்டாம். அந்தப் பட்டன் மணலிலும் சேற்றிலும் மாட்டினால் வெளியே வரத்தான். நிறைய வண்டியில் ஒரு தட்டு தட்டினால் இழுவைக் கட்டுப்பாடு மட்டும் போகும், 3 நொடிக்கு மேல் பிடிச்சால் இ.எஸ்.சியும் போகும்.

நாலாவது கியர்
வலப்பக்கம் லேசா சாய்ஞ்சுதான் இருக்கு. நாளைக்கு அலைன்மென்ட் திரும்ப. ஏ.பி.எஸ் விளக்கோட சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து வந்திருந்தா?

ஸ்கேனர் சாமி
ஓரங்கட்டியிருக்கணும். மஞ்சள் ஏ.பி.எஸ் மட்டும்னா சாதாரண பிரேக் அப்படியே இருக்கும், சக்கரம் பூட்டாமல் காக்கிறது மட்டும் இருக்காது. சிவப்பும் சேர்ந்தால் முன் பின் பிரேக் விசையைப் பங்கிடும் இ.பி.டியும் போயிருக்கலாம், அழுத்திப் பிடிச்சால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுத்திடும். இல்லைன்னா பிரேக் ஆயிலே குறைஞ்சிருக்கு. முதலில் பானெட்டைத் திறந்து ஆயில் மட்டத்தைப் பாருங்க.

பஞ்சர்புலி
புது சென்சார் போடும்போது வால்வுக்குள் திருகுற பின் (ஊசி) நிக்கல் பூசினதா இருக்கணும். அலுமினிய வால்வுக்குள் சாதாரணப் பித்தளை பின்னோ வெளியே பித்தளை மூடியோ போட்டால் ஒரு மழைக்காலத்தில் பூத்துப்போய் இறுகிடும், பிளையர் வைச்சுத் திருகும்போது வால்வே கையோடு வரும். உள்ளே ரப்பர் வளையம் வைச்ச பிளாஸ்டிக் மூடி போதும். நட்டை ஸ்பேனரில் பலமா இறுக்க விடாதீங்க, பெரும்பாலும் 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள்தான் கேட்கும். சென்சார் கம்பெனி சொல்ற எண்ணைப் பாருங்க.